தரை டிக்கெட்டில் ஐரோப்பியக் கலை

ஐரோப்பாவின் ஓவியங்களையும் இசையையும் நாடகத்தையும் நேரில் காண்பது செல்வந்தர்களுக்கே வாய்க்கும் என்ற எண்ணம் தமிழ் வாசகர்களிடையே பரவலாக உண்டு. விமானக் கட்டணமும் விடுதி வாடகையும் அந்த எண்ணத்துக்கு வலுச் சேர்க்கின்றன என்பதும் மெய்யே. ஆனால் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு கையிலிருந்து கரையும் பணத்தில் கலைக்கென்று செலவாவது, வழிமுறை அறிந்தவருக்கு, மிகச் சிறிய பங்குதான். அரசர்களும் திருச்சபையும் பெருவணிகர்களும் சேர்த்துவைத்த கலைச்செல்வத்தைப் பொதுமக்களின் உடைமையாக்கும் முயற்சி அந்தக் கண்டத்தில் 18ஆம் நூற்றாண்டிலிருந்தே நடந்துவந்திருக்கிறது. இன்று குறைந்த கட்டணத்திலும் கட்டணமே இல்லாமலும் கிடைக்கும் வாய்ப்புகளில் பல அம்முயற்சியின் விளைவுகள். ஆகவே அவற்றைப் பயன்படுத்துபவர் யாரிடமும் சலுகை பெறுபவர் அல்லர். அவ்வாய்ப்புகளை அளிக்கும் நிறுவனங்கள் யாருக்காக ஏற்பட்டனவோ அவர்களுள் ஒருவராகவே அவர் உள்ளே நுழைகிறார்.

இதற்கு முதன்மையான சான்று லண்டன். மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன் வாழ்நாளெல்லாம் திரட்டிய பொருள்களை, தம் வாரிசுகளுக்கு 20,000 பவுண்டு தரவேண்டும் என்ற நிபந்தனையோடு நாட்டுக்கு விட்டுச்சென்றதையொட்டி, 1753இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் நிறுவப்பட்டது. 1759இல் திறக்கப்பட்டபோதே நுழைவுக் கட்டணம் இல்லை என்பது அதன் கொள்கையாக இருந்தது. முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதிச்சீட்டுப் பெறவேண்டியிருந்ததால் தொடக்கத்தில் எளியவர்கள் அங்கே வருவது அரிதாக இருந்தபோதிலும், கொள்கை நிலைத்துநின்று நடைமுறையைப் படிப்படியாகத் தன்வழிக்குக் கொண்டுவந்தது. 1824இல் ஜான் ஜூலியஸ் ஆங்கர்ஸ்டைன் என்பவரின் சேகரிப்பிலிருந்த 38 ஓவியங்களை 57,000 பவுண்டுக்கு அரசு வாங்கியதால் உருவான நேஷனல் கேலரி என்னும் தேசிய ஓவியக்கூடத்துக்கு டிரஃபால்கர் சதுக்கம் பொருந்திய இடமாகக் கருதப்பட்டதற்கு, மேற்கு லண்டனின் செல்வர்கள் வண்டியிலும் கிழக்கு லண்டனின் ஏழைகள் நடந்தும் வந்துசேரக்கூடிய நடுவிடம் அது என்பதும் ஒரு காரணம். நகரின் நிலக்கரிப் புகை ஓவியங்களைக் கெடுக்கிறது, தூய காற்றுள்ள புறநகருக்கு அவற்றை மாற்றிவிடலாம் என்ற வாதம் 1850களில் எழுந்தது. ஓவியம் கெடாமல் இருப்பதைப் போலவே அது மக்கள் கண்ணில் படும் இடத்தில் இருப்பதும் தேவை என்ற எதிர்வாதமும் அதே வலுவோடு எழுந்தது. ஓவியக்கூடம் நகரின் நடுவிலேயே இருக்கிறது. 1980களில் பிரிட்டனின் தேசிய அருங்காட்சியகங்கள் சிலவற்றில் புகுத்தப்பட்ட கட்டணமும் 2001 டிசம்பரில் முற்றாக நீக்கப்பட்டு, நிரந்தரக் காட்சிகள் அனைத்தும் இலவசமாயின.

கட்டணம் இல்லாமை பணத்தை மிச்சப்படுத்துவதோடு நில்லாமல், பார்க்கும் முறையையே மாற்றிவிடுகிறது என்பது இங்கே அழுத்திச் சொல்லவேண்டிய செய்தி. பெருந்தொகை கொடுத்து உள்ளே சென்றவர், கொடுத்த பணம் வீணாகக்கூடாது என்று நானூறு ஓவியங்களைக் கடந்து நடந்து, மாலையில் கால்வலியோடு வெளியே வருகிறார். எதுவும் அவர் மனத்தில் தங்குவதில்லை. கட்டணமற்ற கூடத்துக்குள் செல்பவரோ ஒரு நாள் அரை மணி நேரம் யான் வான் ஐக் 1434இல் தீட்டிய ஆர்னோல்ஃபினி இணையர் ஓவியத்தின் முன் மட்டும் நின்றுவிட்டு, மறுநாள் வந்து டர்னரின் ‘ஃபைட்டிங் டெமரேர்’ என்னும் கப்பல் ஓவியத்தைப் பார்க்கலாம். தமிழ்ப் பயணிக்கு லண்டனில் வேறொரு கடமையும் உண்டு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் அமராவதிச் சிற்பங்களும், அங்கும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் உள்ள சோழர் காலச் செப்புத்திருமேனிகளும் கட்டணமின்றியே காணக்கிடைக்கின்றன. அவை எவ்வாறு அங்கே சென்றன என்ற கேள்வியோடு அவற்றைப் பார்ப்பது முறை. கும்பகோணம் அருகிலுள்ள ஒரு பெருமாள் கோயிலிலிருந்து களவுபோனதாகக் கண்டறியப்பட்ட திருமங்கையாழ்வார் திருமேனியைத் திருப்பித் தர, அதை ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் வைத்திருந்த ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2024இல் இசைந்தது. அவ்வாறு கேட்கப்படும் கேள்விகள் பயனற்றவை அல்ல என்பதை அது காட்டுகிறது.

ஐரோப்பிய நிலப்பரப்பின் பிற நாடுகளில் கட்டணம் உண்டு, அது உயர்ந்தும் வருகிறது. பாரிஸின் லூவர், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கான கட்டணத்தை 2026 ஜனவரியிலிருந்து 32 யூரோவாக உயர்த்தியிருக்கிறது. புரட்சி அரசு 1793இல் அரண்மனையைத் திறந்து குடிமக்களுக்கு உரிமையாக்கிய ஒரு நிறுவனம், காண வருபவரின் நாட்டைப் பார்த்துக் கட்டணம் விதிப்பது வருந்தத்தக்கது. எனினும் அதே நகரில், மாநகராட்சிக்குச் சொந்தமான அருங்காட்சியகங்களின் நிரந்தரச் சேகரிப்புகள் எல்லா நாட்டவருக்கும் இலவசம். நகர வரலாற்றைச் சொல்லும் கார்னவாலே, 1900ஆம் ஆண்டின் உலகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட பெத்தி பலே, ரவுல் துஃபி 1937இல் மின்சாரத்தின் கதையை ஏறத்தாழ 600 சதுர மீட்டர் பரப்பில் தீட்டிய மாபெரும் சுவரோவியம் இருக்கும் நவீனக் கலை அருங்காட்சியகம் ஆகியவை இவ்வகையின; லூவரில் நெரிசலில் தள்ளப்பட்டு மோனாலிசாவைச் சில நொடிகள் பார்ப்பதைவிட இவற்றில் ஒரு பிற்பகலைக் கழிப்பது மேலானது. இரயில் நிலையமாகக் கட்டப்பட்டு 1986இல் அருங்காட்சியகமான ஓர்சே, ஒவ்வொரு மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையும் இலவசம். மாட்ரிட்டின் பிராதோவில் மூடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் நாள்தோறும் இலவசம் என்பதால் வெளியே வரிசை நீளும். வெலாஸ்கஸின் ‘லாஸ் மெனினாஸ்’, கோயாவின் கரிய ஓவியங்கள் என்று இரண்டு மூன்றை முன்பே தேர்ந்துகொண்டு நேரே அவற்றிடம் செல்பவருக்கு அந்த நேரம் போதும். இத்தாலிய அரசு அருங்காட்சியகங்கள் 2014 முதல் மாதத்தின் முதல் ஞாயிறன்று இலவசமாக இருக்கின்றன. போலந்தில் வாரத்தில் ஒரு நாள் நிரந்தரக் காட்சிகளை இலவசமாக வைக்கும் வழக்கம் சட்டத்திலேயே இடம்பெற்றிருக்கிறது.

ரோம் நகரைப் பொறுத்தவரை, அருங்காட்சியகத்துக்குள் நுழையாமலே அதன் தலைசிறந்த கலையின் பெரும்பகுதியைக் காணலாம், ஏனெனில் அது இன்னும் தேவாலயங்களின் சுவர்களில், முதலில் வைக்கப்பட்ட இடத்திலேயே இருக்கிறது. சான் லூயிஜி தெய் ஃபிரான்செசி தேவாலயத்தின் ஒரு சிற்றாலயத்தில் காரவாஜோ 1599க்கும் 1602க்கும் இடையில் புனித மத்தேயுவைப் பற்றித் தீட்டிய மூன்று ஓவியங்கள் உள்ளன. அவற்றுள் மத்தேயு அழைக்கப்படும் காட்சி இடப்புறச் சுவரில் இருக்கிறது. ஓவியத்துக்குள் வலமிருந்து பாயும் ஒளி, பலிபீடத்தின் மேலுள்ள மெய்யான சாளரத்தின் திசையிலிருந்தே வருவதுபோல் தீட்டப்பட்டிருப்பதால், கட்டடத்தின் வெளிச்சமும் ஓவியத்தின் வெளிச்சமும் ஒன்றாகிவிடுகின்றன. இந்த உறவை எந்த அச்சுப்பதிப்பும் காட்ட இயலாது; ஓவியத்தைக் கழற்றிச் சென்று அருங்காட்சியகத்தில் மாட்டியிருந்தால் அதுவும் காட்டியிருக்காது. சாந்தா மரியா தெல் போபோலோவில் அதே ஓவியரின் வேறிரண்டு படைப்புகளும், சான் பியேத்ரோ இன் வின்கோலியில் மைக்கேலாஞ்சலோவின் மோசே சிலையும், சாந்தா மரியா தெல்லா வித்தோரியாவில் பெர்னினியின் புனித தெரேசாவும் கட்டணமின்றிக் காத்திருக்கின்றன. இவை வழிபாட்டிடங்கள் என்பதால் தோளும் முழங்காலும் மறையும் உடையோடு செல்லவேண்டும். பூசை நடக்கும்போது சுற்றித் திரியக்கூடாது. பல தேவாலயங்கள் நண்பகலில் மூடி மாலையில்தான் மீண்டும் திறக்கும்.

இசையிலும் நாடகத்திலும் சிக்கனப் பயணிக்குரிய இடம் நின்று பார்க்கும் இடம். தமிழகத்தின் நாடகக் கொட்டகைகளிலும் டூரிங் டாக்கீசிலும் தரை டிக்கெட் எந்த நிலையில் இருந்ததோ அதே நிலைதான் இதற்கும். உண்மையான ரசிகர் கூட்டம் அங்கேதான் இருக்கும். பாடியே நடிக்கும் இசை நாடகமாகிய ஆப்பெராவுக்குப் பெயர்பெற்ற வியன்னா அரசு ஆப்பெரா அரங்கம், 1869இல் மோட்சார்ட்டின் ‘டான் ஜியோவானி’யோடு திறக்கப்பட்டு, 1945இல் குண்டுவீச்சில் சிதைந்து, 1955இல் பீத்தோவனின் ‘ஃபிடேலியோ’வோடு மறுபடி எழுந்தது. அங்கே நூறு, இருநூறு யூரோ கொடுத்து அமர்பவர்களுக்குப் பின்னால் நானூறுக்கு மேற்பட்டோர் நிற்பதற்கு இடம் உண்டு. அதற்கான சீட்டுகள் நிகழ்ச்சி நாளன்றே விற்கப்படுகின்றன, விலை இருபது யூரோவுக்குள் அடங்கிவிடுகிறது. கீழ்த்தளத்தின் நிற்குமிடம் மேடைக்கு நேரெதிரே, விலையுயர்ந்த இருக்கைகளை ஒட்டியே அமைந்திருப்பதால் ஒலி அங்கே சிறப்பாக எட்டுகிறது. வழக்கமாக வருபவர்கள் கைப்பிடிக் கம்பியில் துணியைக் கட்டித் தம் இடத்தைக் குறித்துவைப்பார்கள், அந்தக் குறியை எவரும் அவிழ்ப்பதில்லை.

லண்டனில் 1895இல் ராபர்ட் நியூமனும் ஹென்றி வுட்டும் தொடங்கிய ப்ராம்ஸ் என்னும் கோடைக்கால இசைவிழாவின் நோக்கமே, செவ்வியல் இசை கேட்டுப் பழகாத மக்களைக் குறைந்த கட்டணத்தில் நல்ல இசைக்குப் பழக்குவதாகும். 1941 முதல் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் நடக்கும் அவ்விழாவில், இசைக்குழுவுக்கு மிக அருகிலுள்ள தரைப்பகுதி இன்றும் நிற்பவர்களுக்கே உரியது, அண்மை ஆண்டுகளில் அதன் கட்டணம் 8 பவுண்டு. ஷேக்ஸ்பியரின் காலத்து அரங்கத்தை ஒட்டி எழுப்பப்பட்டு 1997இல் திறக்கப்பட்ட குளோப் அரங்கிலும், கூரையற்ற முற்றத்தில் நின்று நாடகம் பார்ப்பதற்கான சீட்டு 5 பவுண்டிலிருந்து கிடைக்கிறது. மழை பெய்தால் நனையவேண்டும், குடை பிடிக்க அனுமதியில்லை. ஆனால் நடிகர்கள் கண்ணைப் பார்த்துப் பேசுவது முற்றத்தில் நிற்பவர்களிடமே.

முற்றிலும் இலவசமான இசையும் உண்டு. ஆம்ஸ்டர்டாமின் கன்செர்ட்கெபாவ் மண்டபமும் பெர்லின் ஃபில்ஹார்மனியும் பருவகாலத்தில் நண்பகல் கச்சேரிகளை இலவசமாக நடத்துகின்றன. வியன்னாவின் அகஸ்தீனியர் தேவாலயத்தில் ஞாயிறு காலைப் பூசையின்போது ஹைடன், மோட்சார்ட், ஷூபர்ட் ஆகியோர் எழுதிய வழிபாட்டு இசை, இசைக்குழுவோடும் பாடகர் குழுவோடும் அதற்குரிய சூழலிலேயே ஒலிக்கிறது. நண்பகல் கச்சேரி மரபுக்கு உருக்கமான ஒரு முன்வரலாறு உண்டு: இரண்டாம் உலகப்போரின் தொடக்கத்தில் நேஷனல் கேலரியின் ஓவியங்கள் பாதுகாப்புக்காக வெளியேற்றப்பட்டு வெறும் சுவர்கள் எஞ்சியபோது, பியானோ கலைஞர் மைரா ஹெஸ் 1939 அக்டோபரிலிருந்து அங்கே திங்கள் முதல் வெள்ளி வரை நண்பகலில் ஒரு ஷில்லிங் கட்டணத்தில் கச்சேரிகளுக்கு ஏற்பாடு செய்தார், 1946 வரை 1,698 கச்சேரிகள் நடந்தன.

இனிச் செலவுக் கணக்கு. பெருஞ்செலவு பயணத்திலும் தங்குமிடத்திலும் இருப்பதால், பத்து நாளில் ஏழு நாடு என்ற வகைச் சுற்றுலாவே கலை ஆர்வலருக்கு மிகவும் இழப்பானது. ஒரே நகரில் பத்து நாள் தங்குபவருக்குப் போக்குவரத்துச் செலவு குறைவதோடு, இலவச நாள்களும் நண்பகல் கச்சேரிகளும் தாமாகவே கைக்கு எட்டுகின்றன. பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசாவில் சென்றுவர வழிசெய்யும் ஷெங்கன் உடன்பாட்டில் பிரிட்டன் இல்லை. ஆகவே லண்டனுக்கும் பாரிசுக்கும் சேர்த்துப் போக விரும்பும் இந்தியர் இரு விசாக்களுக்குப் பணம் கட்டவேண்டும் என்பதால், ஒரு பயணத்துக்கு ஒரு பக்கம் என்று முடிவு செய்வது நல்லது. பருவத் தேர்வும் முக்கியம். விடுதிகள் விலையேறிக் கிடக்கும் ஜூலை, ஆகஸ்டில் வியன்னா ஆப்பெரா மூடியிருக்கும். வாடகை இறங்கும் நவம்பரிலும் பிப்ரவரியிலும் அதன் நிகழ்ச்சிகள் நிறைந்திருக்கும். குளிர் தாங்கக் கூடியவருக்கு அதுவே ஏற்ற காலம்.

இலவச நாள்களும் கட்டணங்களும் ஆண்டுதோறும் மாறுபவை; இலவச நுழைவுக்கும் இணையத்தில் முன்பதிவு கேட்கும் நிறுவனங்கள் பெருகிவருகின்றன. எனவே விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே, செல்லவிருக்கும் நகரத்தின் அருங்காட்சியகங்கள், அரங்கங்கள் ஆகியவற்றின் அதிகாரபூர்வத் தளங்களைப் பார்த்து, எந்த நாளில் எது இலவசம் என்பதைக் குறித்துக்கொண்டு, பயணத் தேதிகளை அதற்கு ஏற்ப அமைத்துக்கொள்ள வேண்டும்.