சால்வையும் கம்பளியும்

கடன் என்ற சொல்லைக் கேட்டவுடன் முகம் சுருங்குவதே மனித இயல்பு. ஆயினும் அச்சொல்லை வைத்தே பல நாட்டு மக்களைச் சிரிக்க வைத்தவர் ஓர் ஆங்கில நாவலாசிரியை. சோஃபி கின்செல்லா என்பது அவர் பூண்ட புனைபெயர். இயற்பெயர் மடலின் விக்கம். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நாவலின் நாயகி ரெபேக்கா புளூம்வூட், இலண்டன் மாநகரில் வாழும் இளநங்கை. கடையின் கண்ணாடிப் பெட்டியைக் கண்டால் அவளுடைய கால்கள் தாமாகவே நின்றுவிடும். கைகள் தாமாகவே பணப்பையைத் திறந்துவிடும். பையிலே பணம் இல்லையென்றால் என்ன? கடனட்டை இருக்கின்றதே!

இதில் வேடிக்கை யாதெனில், அவள் பார்க்கும் உத்தியோகம். பணத்தைச் சேமிப்பது எப்படி என்று பொதுமக்களுக்கு எடுத்துரைக்கும் சஞ்சிகையொன்றில் எழுதியே அவள் பிழைக்கின்றாள். ஊருக்குத்தான் உபதேசம் என்பதற்கு இவளைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது. ஒருநாள் விலை குறைத்து விற்கப்படும் கழுத்துச் சால்வையொன்று அவள் கண்ணிற் படுகின்றது. விலை 120 பவுண். கையில் இருபது குறைகின்றது. அத்தைக்குப் பரிசு வாங்க வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொல்லி, தொழில் வழியில் அறிமுகமான கனவான் ஒருவரிடம் அந்த இருபதைக் கைமாற்றாகப் பெற்றுக் கொள்கின்றாள். விலை குறைந்த பொருளை வாங்கியதால் பணத்தை மிச்சப்படுத்திவிட்டதாகவே அவள் மனம் கணக்குப் போடுகின்றது! வங்கியிலிருந்து கடிதம் வந்தால், கால் முறிந்துவிட்டது என்று ஒரு சாக்கு. மறுமுறை காய்ச்சல் என்று மற்றொரு சாக்கு. வங்கி முகாமையாளரோ மிகுந்த மரியாதையுடன் அனுதாபம் தெரிவித்து மீண்டும் கடிதம் எழுதுகின்றார்.

இந்நாவல் 2009ஆம் ஆண்டில் திரைப்படமாயிற்று. கதை இலண்டனை விட்டு நியூயோர்க் நகருக்குப் பெயர்ந்தது. படம் வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன், 2008 செப்டெம்பரில், லீமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க நிதி நிறுவனம் சரிந்து உலகப் பொருளாதாரத்தையே உலுக்கியிருந்தது. பெரிய பெரிய நிதி நிறுவனங்களும் ரெபேக்காவைப் போலவே நடந்து கொள்ளக் கூடும் என்பதை அப்போது உலகம் கண்டுகொண்டது.

தமிழருக்கும் இத்தகைய கதை புதிதன்று. கே. பாலசந்தர் இயக்கி 1967இல் வெளிவந்த ‘பாமா விஜயம்’ படத்தை நம் வீடுகளில் அறியாதவர் குறைவு. அடுத்த வீட்டிற்கு ஒரு சினிமா நடிகை குடிவருகின்றாள். அவள் முன்னே தாமும் வசதி படைத்தவர்களே என்று காட்டிக்கொள்ள ஒரு வீட்டின் மருமகள்மார் மூவரும் முற்படுகின்றார்கள். வீட்டிற்குள் புதுப்பொருள் நுழைய நுழையக் கடனும் கூடவே நுழைகின்றது. மாமனாராக வரும் டி. எஸ். பாலையா திகைத்து நிற்கும் காட்சிகளைக் கண்டு வயிறு குலுங்கச் சிரித்த தலைமுறை ஒன்றுண்டு.

இவ்விரு கதைகளிலும் நாம் கவலையின்றிச் சிரிப்பதற்குக் காரணம் என்ன? கடன்பட்டவர் தம் விருப்பத்தினால் கடன்பட்டார். கடன் கொடுத்தவர் எங்கோ தொலைவில் இருக்கின்றார். கதை முடிவதற்குள் எப்படியும் கடன் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையும் நமக்கு உண்டு. இம்மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடும்.

ரெபேக்காவைச் சற்று நேரம் நம் நாட்டிற்கு அழைத்து வந்து பார்ப்போம். அவள் இலண்டனிற் பிறவாமல், கேகாலை மாவட்டத்து அரநாயக்கவிலே பிறந்திருந்தால்? மாவனெல்லையிலிருந்து மலைமேல் ஏறிச் செல்லும் பாதையில், தேயிலையும் இறப்பரும் சிங்களக் கிராமங்களும் கலந்து கிடக்கும் பிரதேசம் அது. அசுபினி எல்ல நீர்வீழ்ச்சியினால் உல்லாசப் பயணிகள் அறிந்த அவ்வூரின் பெயர், 2016 மே 17ஆம் திகதி சாமசர மலையில் நிகழ்ந்த மண்சரிவினால் நாடு முழுவதும் துயரத்துடன் உச்சரிக்கப்பட்டது. அங்குள்ள தோட்டமொன்றின் லயத்திலே வளர்ந்து, கொழும்புப் புடைவைக் கடையொன்றில் வேலைக்குப் போகும் பெண்ணாக நம் ரெபேக்காவைக் கற்பனை செய்வோம்.

தீபாவளிக்கு ஊர் திரும்புகின்றாள். தாய்க்கு ஒரு சேலை, தம்பிக்கு ஒரு காற்சட்டை, தனக்குத் தவணைமுறையில் ஒரு கைத்தொலைபேசி. வந்த இடத்தில், வீட்டிற்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தால் நன்றாயிருக்குமே என்ற ஆசையும் பிறக்கின்றது. தாய் வாங்கிய தீபாவளி முற்பணமோ வரும் மாதங்களின் சம்பளத்திற் கழிக்கப்பட வேண்டியது. ஆகவே அதுவும் கடனே. குழுவாகச் சேர்ந்தால் நுண்கடன் கிடைக்கும் என்கிறார்கள். கையொப்பம் இடுகின்றாள். பெட்டி வந்துவிடுகின்றது, லயத்துப் பிள்ளைகள் எல்லாம் வாசலிற் கூடிவிடுகின்றார்கள். அன்றைக்கு அவள்தான் மகாராணி!

அடுத்த வாரம் தவணைப் பணம் அறவிட வருபவர் வருகின்றார். இலண்டன் ரெபேக்காவின் சாக்குப்போக்கு எதுவும் இங்கே செல்லாது. கால் முறிந்தது என்று சொல்லலாமா? காலையிலே அவள் பீலியில் குடம் நிரப்பியதை லயமே பார்த்திருக்கின்றது. காய்ச்சல் என்று உள்ளே படுத்துக் கொள்ளலாமா? பக்கத்துக் காம்பராவில் இருமினாலே இங்கே கேட்கும். வங்கிக் கடிதத்தை இலாச்சிக்குள் ஒளித்து வைக்கலாம். வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்கும் மனிதரை எங்கே ஒளிப்பது?

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. அவளுக்குப் பிணை நின்றவர்கள் அடுத்த வீட்டு அக்காவும், மேல் லயத்துச் சித்தியும், கூடப் படித்த தோழியுமே ஆவர். அவள் தவணை தவறினால் அவர்கள் கட்ட வேண்டும். ஆகவே அவள் வங்கிக்குப் பயந்து ஒளியவில்லை. தன்னோடு கஞ்சி குடித்தவர்களின் முகத்திற்குப் பயந்து ஒளிகின்றாள். ஒரு தவணையைக் கட்ட இன்னொரு நிறுவனத்திற் கடன், அதைக் கட்ட நகை அடகு என்று கதை நீளும்போது, வாசகர்களே, நம் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மறைந்துவிடுகின்றது.

“வருமானத்திற்கு மேல் ஆசைப்பட்டால் இப்படித்தான்” என்று ஊர்ப் பெரியவர்கள் கூறக்கூடும். அவ்வாறு கூறுமுன் பழைய கணக்கொன்றைப் புரட்டிப் பார்ப்பது நியாயம். இப்பெண்ணின் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்தபோது கடனோடுதான் வந்தார்கள். ஆள் கட்டிய கங்காணி கொடுத்த முற்பணமும், வழிச்செலவும் அவர்கள் பெயரிலே பற்றெழுதப்பட்டன. தோட்டத்தில் வாங்கிய அரிசி சம்பளத்திற் கழிந்தது. மலைக்குளிருக்குப் போர்த்திக் கொள்ளக் கொடுத்த கம்பளியின் விலையும் அவ்வாறே கழிந்தது. இலண்டன் ரெபேக்கா கடன்பட்டது அழகான சால்வைக்காக. நம் பாட்டிமார் கடன்பட்டது கம்பளிக்காக. அவர்கள் கடை ஏறவில்லை, நிறம் பார்க்கவில்லை, விலை பேசவுமில்லை.

அக்கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போகவும் இயலாது. இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக் கொள்ளும். கடனோ தீராமல் ஆட்களோடு கூடவே நடந்து செல்லும். 1921ஆம் ஆண்டின் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. தாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்பதைத் தாமே வாசித்தறிய இயலாத மக்களை ஒரு சிறு காகிதம் கட்டி வைத்திருந்தது என்பதே அவ்வரலாறு கூறும் பாடம்.

இன்னுமொன்று. பல தோட்டங்களில் பெண்ணின் சம்பளத்தைத் தகப்பனோ கணவனோ பெற்றுச் செல்லும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. கொழுந்து கிள்ளியது அவள் விரல். காசை எண்ணியது வேறொரு கை. அத்தகைய குடும்பத்திற் பிறந்த பெண் தானே உழைத்த பணத்தைக் கொண்டு, தானே கடை ஏறி, தனக்குப் பிடித்த நிறத்தைத் தெரிந்தெடுக்கும்போது அடையும் மகிழ்ச்சியை நாம் பழிக்கலாகாது. ஆசை குற்றமன்று. அந்த ஆசைக்கு எவ்வளவு விலை கொடுக்கிறோம் என்பதை மறைத்து விற்பதுதான் குற்றம்.

அம்மறைவு எவ்வாறு நிகழ்கின்றது என்பதை ஒரு கரும்பலகைக் கணக்கினால் விளக்கலாம். மாணவர்கள் பேனாவை எடுத்துக் கொள்ளட்டும். ஒருத்தி 60,000 ரூபா கடன் வாங்குகின்றாள். வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம். 12 மாதத்திற் கட்டி முடிக்க வேண்டும். வட்டி 14,400 ரூபா. மொத்தம் 74,400. மாதத் தவணை 6,200 ரூபா. இதில் என்ன பிழை என்று கேட்பீர்கள். அவள் ஆண்டு முழுவதும் 60,000 ரூபாவை வைத்திருக்கவில்லை என்பதே பிழை. மாதந்தோறும் முதலில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்து வருகின்றாள். கடைசி மாதத்தில் அவள் கையிலிருக்கும் கடன் ஏறக்குறைய 5,000 ரூபாதான். ஆனால் வட்டியோ முழுத் தொகைக்கும் வாங்கப்படுகின்றது. சராசரியாக அவள் வைத்திருந்த கடன் 32,500 ரூபா அளவே. அதற்கு 14,400 ரூபா வட்டி என்றால், உண்மை வட்டி 40 சதவீதத்தையும் தாண்டிவிடும்! 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அக்கணக்கிற் பார்த்தால், வட்டிக்காக மட்டும் 14 நாட்களுக்கு மேல் கூடை சுமக்க வேண்டும்.

இது கற்பனைக் கணக்கு. உண்மை இதனினும் கடியது. நுண்நிதி நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2016இல் 6ஆம் இலக்கச் சட்டம் வந்தது. எனினும், 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் ஹுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, சில கடன்களின் வட்டி ஆண்டுக்கு 220 சதவீதம் வரை சென்றதைச் சுட்டிக் காட்டினார். அதே ஆண்டில், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற சிறுகடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. 2021 மார்ச்சில் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குரக்கொடையில், கடன்பட்ட கிராமத்துப் பெண்கள் வீதியோரத்தில் அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தார்கள். தவணைக்கு அஞ்சிக் கதவைச் சாத்திக் கொண்டவர்கள், கதவைத் திறந்து கொண்டு வெளியே வந்து தம் கடனை உரக்கச் சொன்ன நிகழ்ச்சி அது.

இனி நாவலின் முடிவுக்கு வருவோம். அதைச் சிரித்துவிட்டு மூடி வைப்பவர்கள் கவனிக்கத் தவறும் பகுதி அதுதான். ரெபேக்காவின் பெற்றோருக்கு அயல்வீட்டில் வாழும் முதிய தம்பதியர் ஒரு நிதி நிறுவனத்தின் தந்திரத்தால் 20,000 பவுண் இழந்துவிடுகின்றனர். அவளுடைய அக்கறையற்ற ஒரு வார்த்தையும் அதற்குக் காரணமாகின்றது. அப்போதுதான் அவள் முதன்முறையாகத் தன் தொழிலின் பொருளை உணர்கின்றாள். பத்திரங்களைத் தேடி வாசிக்கின்றாள்; நடந்த மோசத்தை எல்லோருக்கும் விளங்கும் எளிய மொழியிற் கட்டுரையாக எழுதுகின்றாள். அவளுடைய வாழ்வும் அங்கிருந்தே நிமிர்கின்றது. தன் கடன் கடிதத்தைப் பிரிக்க அஞ்சியவள், அயலாருக்காகப் பத்திரத்தைப் பிரித்து வாசித்தபோதுதான் ஆளானாள்.

அரநாயக்கவின் லயங்களிலும், அவை போன்ற ஆயிரம் லயங்களிலும், சாதாரண தரப் பரீட்சையில் கணிதமும் மொழியும் சித்தியடைந்த பெண்பிள்ளை ஒருத்தியாவது இன்று இருப்பாள். அயல்வீட்டு அக்கா கையொப்பமிடுமுன் அவள் மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். கையில் கிடைக்கும் தொகை எவ்வளவு? திருப்பிக் கட்டும் மொத்தத் தொகை எவ்வளவு? ஒரு தவணை தவறினால் யார் கட்ட வேண்டும்? விடைகளை உரத்து வாசித்த பின்னர், விரும்பினால் சேலையும் வாங்கலாம், தொலைக்காட்சியும் வாங்கலாம். அது அவரவர் விருப்பம். அன்று நம் முன்னோரின் துண்டை அவர்களுக்கு வாசித்துக் காட்ட லயத்தில் ஆள் இருக்கவில்லை. இன்று இருக்கின்றார்கள், வாசிக்கட்டும்.