ஐம்பதைக் கடந்தோர்க்கு ஏற்ற உடற்பயிற்சிக் கூடம்

“ஆயுள் முழுதும் உழைத்த உடலுக்கு உடற்பயிற்சி எதற்கு?” ஜோலார்பேட்டை இரயில்வே குடியிருப்புகளிலும், ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளுக்குச் சென்று திரும்புவோர் இல்லங்களிலும் ஐம்பதைக் கடந்தோர் எழுப்பும் வினா இது. நியாயமான வினாதான். ஆயினும் உழைப்பு வேறு, பயிற்சி வேறு.

நாள் முழுதும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து காலணிகளைத் தைப்பவருக்குக் கழுத்தும் தோளும் களைக்கின்றன; தொடையும் இடுப்பும் உழைப்பதில்லை. இருப்புப்பாதையோரம் பல்லாண்டு நடந்தவரும் 60 வயதில் ஓய்வு பெற்றபின் நாற்காலியில் அடங்கிவிடுகிறார். முப்பது வயதிற்குப் பின் சிறிது சிறிதாகக் குறையும் தசை, அறுபதிற்குப் பின் விரைந்து குறைகிறது. தரையிலிருந்து கையூன்றாமல் எழ இயலாமை அதன் முதல் அறிகுறி. குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, பிறர் கையை எதிர்பார்த்துக் கிடப்பது அதன் கொடிய முடிவு.

இழந்த வலிமை மீளுமா? மீளும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 90 வயதை ஒட்டிய தளர்ந்த முதியோர் பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப்பயிற்சி அளித்த ஆய்வு 1990-இல் வெளியாயிற்று. இறுதிவரை பயின்றோரின் கால்வலிமை சராசரியாக இரண்டரை மடங்கிற்கும் மேலாக உயர்ந்தது. நடைப்பயிற்சி இதயத்திற்கு நன்று. ஆனால் அது மட்டும் போதாது. வாரத்திற்கு 150 நிமிட மிதமான உடலியக்கத்துடன், இரு நாளேனும் தசைப்பயிற்சியும், 65 வயதைக் கடந்தோர் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் செய்யவேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது.

அங்ஙனமாயின் எக்கூடத்தை நாடுவது? பளபளக்கும் கண்ணாடியையும் சுவரிலுள்ள படங்களையும் கண்டு மயங்கவேண்டாம். முதல் நாளில் பயிற்சியாளர் எடையைக் கையில் தருகிறாரா, அல்லது நம் நோய்களையும், உண்ணும் மருந்துகளையும், பழைய முறிவுகளையும் கேட்டறிகிறாரா என்பதே உரைகல். கேளாமல் தருபவரிடம் நம் முதுகெலும்பை ஒப்படைத்தல் தகாது.

பிறவற்றையும் நோக்குவோம். வீட்டிற்கு அருகில் இருக்கிறதா? தொலைவிலுள்ள கூடம் ஒரு மாதத்தில் மறந்துபோகும். தரை வழுக்காமல் உள்ளதா? பற்றிக்கொள்ளக் கைப்பிடி உண்டா? மிகக் குறைந்த எடைகள் இருக்கின்றனவா? காற்றோட்டம் உண்டா? பெண்கள் கூச்சமின்றிப் பயிலத் தனி நேரம் உண்டா? ஓராண்டுக் கட்டணத்தை முன்னதாகக் கேட்டால், ஒரு மாதத்திற்கு மட்டும் செலுத்திப் பார்ப்பது விவேகம். புரதமாவு, ஊசி என்று விற்பனை பேசுமிடத்தை விட்டு விலகுதல் நலம்.

சேருமுன், இதயநோயோ இரத்த அழுத்தமோ உடையோர் மருத்துவரைக் கலந்துகொள்க. இன்சுலினோ மாத்திரையோ கொள்ளும் நீரிழிவு நோயாளிகள் வெறும் வயிற்றில் பயிலாமலும், சிறிது சர்க்கரையைக் கையில் வைத்தும் இருத்தல் வேண்டும்; கால் மரத்தோர் காலணியின்றிப் பயிலலாகாது. எடையைத் தூக்கும்போது மூச்சை அடக்கற்க. மார்பு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்துக. பக்கவாதம் கண்டோர்க்கும் அண்மையில் எலும்பு முறிந்தோர்க்கும் முதலிடம் கூடமன்று, இயன்முறை மருத்துவரே. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு மருத்துவம் இதற்குப் புகழ்பெற்றது. 1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் வளர்த்த துறை அது.

கட்டணம் செலுத்த வழியில்லையெனில் மனம் தளரவேண்டா. சுவரை ஒட்டிய உறுதியான நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்துமுறை எழுந்து அமர்தல், சுவரைப் பற்றிக் குதிகாலை உயர்த்தி இறக்குதல், சுவரில் கையூன்றித் தள்ளுதல் ஆகியவை செலவில்லாதவை. வாரத்தில் இரு நாள் தவறாது செய்யின் பயன் தரும்.

நம் பெற்றோர்க்கு விழாநாளில் புத்தாடை வாங்கித் தருகிறோம். அவர்தம் கையைப் பற்றி, தக்கதொரு கூடத்திற்கு முதல் நாள் உடன் செல்வதும் நம் கடமையே. நாளை அவர்கள் யார் துணையுமின்றித் தாமே எழுந்து நடப்பதைவிட நாம் அளிக்கத்தக்க பரிசு வேறேது?