கன்னத்துக்குள் மேலேறும் சளி

கன்னத்தில் விரலை வைத்துப் பாருங்கள். விரலுக்கு நேர் உள்ளே, கண்ணுக்கும் மேல்வரிசைப் பற்களுக்கும் நடுவில், எலும்புக்குள் ஒரு காற்றறை இருக்கிறது. மருத்துவர்கள் அதை மேக்சிலரி சைனஸ் என்பார்கள். பெரியவர்களுக்கு அது ஏறக்குறைய 15 மில்லி கொள்ளும். மூக்குக்குள் திறக்கும் அதன் வாசல் சில மில்லிமீட்டர்தான். அதுவும் கூரையை ஒட்டி இருக்கிறது.

வாசல் மேலே இருந்தால் உள்ளே ஊறும் சளி எப்படி வெளியேறும்? அறையின் சுவரெங்கும் சிலியா எனும் நுண்மயிர்கள் நொடிக்குச் சுமார் பத்து முறை அசைகின்றன. நாம் நின்றாலும் படுத்தாலும் அவை சளியை அந்த வாசலை நோக்கியே தள்ளுகின்றன.

இது தெரியாத காலத்தில், தண்ணீர் பள்ளத்தைத் தேடும் என்ற கணக்கில், அறையின் அடிப்பக்கம் மூக்குக்குள் துளை போட்டார்கள். 1893இல் கால்டுவெல் என்ற மருத்துவரும் 1897இல் லுக் என்ற மருத்துவரும் விவரித்த சிகிச்சையில், மேலுதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேல் எலும்பை உடைத்து உள்ளே போவார்கள். அதில் சிலருக்குக் கன்னம் மரத்துப்போகும். குழந்தைகளின் முளைக்காத பற்களுக்கும் ஆபத்து. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்து மருத்துவர் மெஸ்ஸர்கிளிங்கர் சளியின் ஓட்டத்தைப் பொறுமையாகக் கவனித்தார். கீழே போட்ட துளையைத் தாண்டி, சளி பழைய வாசலுக்கே ஏறிப்போனது! அன்றிலிருந்து அறுவையின் திசை மாறியது. இயற்கை வாசலையே அகலப்படுத்த வேண்டும், உள்தோலைக் காக்க வேண்டும் என்றானது. ஹெரால்டு ஹாப்கின்ஸ் உருவாக்கிய கண்ணாடித்தண்டு எண்டோஸ்கோப் அதற்குக் கண் கொடுத்தது.

இந்த அறையில் முளைக்கும் ஒருவகைச் சதையை 1906இல் ஜெர்மன் மருத்துவர் கில்லியன் விவரித்தார். சிறுவர்களிடமும் இளைஞர்களிடமும், பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் வரும். அறைச்சுவரில் நீர்க்கட்டிபோல் தொடங்கி, வாசல் வழியே நழுவி, மூக்கின் பின்புறம் இறங்கும். சிலருக்கு வாயைத் திறந்தாலே உள்நாக்குக்குப் பின்னால் தொங்குவது தெரியும். மூக்கில் தெரிவதை மட்டும் வெட்டினால், வேர் உள்ளே இருப்பதால் மறுபடி வளரும்.

ஆகவே வேரைத் தேடுவதுதான் அறுவையின் உயிர். மயக்க மருந்து கொடுத்து, 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள எண்டோஸ்கோப்பை மூக்கு வழியே செலுத்துகிறார்கள். முகத்தில் கத்தி படுவதில்லை. வாசலை அகலப்படுத்தியபின், நேராகப் பார்க்கும் கருவியை எடுத்துவிட்டு 45 அல்லது 70 பாகைக் கருவியை நுழைத்தால், மூலைக்கு அப்பால் மறைந்திருந்த சுவர் திரையில் தெரிகிறது. வளைந்த முனையுள்ள மைக்ரோடிப்ரைடர் சதையை உறிஞ்சிக்கொண்டே நறுக்குகிறது. வேர் முன்சுவரிலோ தரையிலோ இருந்து கருவி எட்டாவிட்டால், இன்னொரு சிறு துளை வழியாகவும் கருவியைச் செலுத்துகிறார்கள்.

எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தின் ஆரணியிலும் கும்மிடிப்பூண்டியிலும் மூக்கடைப்பென்றால் ஆவி பிடித்து, தைலம் தேய்த்து நாளைக் கடத்துகிறோம். இருபக்கமும் அடைத்த சாதாரணச் சளி அதில் தணியலாம். ஒரே பக்கம் வாரக்கணக்கில் அடைத்திருந்தால், பிள்ளை வாயால் மூச்சுவிட்டுக் குறட்டை விட்டால், காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும். பெரியவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் சதை வளர்ந்தால், அது வேறு கட்டியா என்று திசுவைச் சோதிப்பதும் அவசியம். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி நம் மாவட்டத் தலைநகரான திருவள்ளூரிலேயே இருக்கிறது. அறுவை என்று முடிவானால் தயங்காமல் கேளுங்கள்: "வேரை எப்படி எடுப்பீங்க, டாக்டர்?" பிள்ளைக்கு மறுபடி வராமலிருப்பது அந்தப் பதிலைப் பொறுத்தது.