தக்காளி வாடினால் தம்ளர் தண்ணீரில் சோதனை செய்யுங்கள்

காய் பிடித்து நிற்கும் தக்காளிச் செடி ஒன்று உச்சி வெயிலில் துவண்டு, மாலையில் நிமிர்ந்து, மறுநாளும் துவண்டால் தண்ணீர் போதவில்லை என்றே பலரும் நினைப்பர். உடனே தண்ணீர் பாய்ச்சுவர். சில நாட்களில் செடி பச்சை மாறாமலேயே முழுவதும் சாய்ந்துவிடும். பிறகு கடையில் ஏதேனும் ஒரு பூசணக்கொல்லி வாங்கித் தெளிப்பர். வந்திருப்பது பாக்டீரியா வாடல் நோயானால், பாய்ச்சிய தண்ணீர் நோயை அடுத்த செடிக்குக் கொண்டு செல்லும். பூசணக்கொல்லி பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. எனவே எந்த வாடல் என்று தெரிந்துகொண்ட பிறகே பணம் செலவிட வேண்டும்.

நோய்க்குக் காரணம்

இந்நோயை உண்டாக்குவது ரால்ஸ்டோனியா சொலனேசியாரம் என்ற பாக்டீரியா. இதை 1896ல் அமெரிக்க விஞ்ஞானி எர்வின் ஸ்மித் விவரித்தார். மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும் இக்கிருமி, நாற்று நடும்போதும் களை கொத்தும்போதும் வேரில் ஏற்படும் காயங்கள் வழியாகவும், நூற்புழு துளைத்த இடங்கள் வழியாகவும் உள்ளே நுழைகிறது. தண்டில் நீர் ஏறும் குழாய்களில் பெருகி அவற்றை அடைத்துவிடுகிறது. மண்ணில் ஈரம் இருந்தும் செடி வாடுவது இதனால்தான். 30 முதல் 35 டிகிரி சென்டிகிரேடு வெப்பமும் மண்ணில் மிகுந்த ஈரமும் இதற்கு ஏற்றவை.

குடிலில் கூடுதல் கவனம்

இந்நோய் அமிலத்தன்மை உள்ள மண்ணில் அதிகம் காணப்படும். கேரளத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியிலும் இது பெருந்தொல்லை. மல்லாங்கிணறு, காரியாபட்டி பக்கத்துக் கரிசல் மண்ணில் அந்த அளவுக்கு எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆனால் பசுமைக்குடிலிலும் நிழல்வலைக் குடிலிலும் பாத்தி நிரப்ப வெளியூர்ச் செம்மண் கொண்டு வருவது உண்டு. நாற்றும் வெளியிலிருந்து வருகிறது. இவற்றோடு கிருமி வந்துவிட்டால், குடிலின் வெப்பத்திலும் ஈரத்திலும், ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப நடுவதாலும் விரைவில் பெருகிவிடும்.

அடையாளங்கள்

முதலில் நுனியில் உள்ள இளம் இலைகள் பகலில் துவளும். பின்னர் செடி முழுவதும் வாடும். இலைகள் மஞ்சளாவதற்கு முன்பே, பச்சையாக இருக்கும்போதே இது நிகழும். அடித்தண்டில் சிறு வேர்முனைகள் வெடித்துக் கிளம்புவதும் உண்டு. தண்டை நீளவாக்கில் பிளந்தால் உட்புறம் பழுப்பாக இருக்கும். ஒரு செடியில் தொடங்கி, தண்ணீர் ஓடும் போக்கில் அதே வரிசையில் அடுத்தடுத்த செடிகளுக்குப் பரவும்.

தம்ளர் சோதனை

வாடத் தொடங்கிய செடி ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காய்ந்துபோன செடி உதவாது. மண்ணுக்குச் சற்று மேலே, சுத்தமான கத்தியால் மூன்று அங்குலத் தண்டை வெட்டிக் கழுவ வேண்டும். கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் நிரப்பி, வெட்டிய முனை மட்டும் தண்ணீரில் மூழ்கும்படி ஆடாமல் பிடிக்க வேண்டும். பாக்டீரியா வாடல் என்றால், சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற வெண்ணிறக் கசிவு நூலிழைபோல் கீழே இறங்கும். சற்று நேரத்தில் தண்ணீர் கலங்கிவிடும். கால்மணி நேரம் ஆகியும் எதுவும் இறங்கவில்லையானால், மேலும் இரண்டு செடிகளில் செய்து பார்ப்பது நல்லது.

மற்ற வாடல்கள்

கசிவு இல்லையென்றால் வேறு காரணம் தேட வேண்டும். அடி இலைகள் முதலில் மஞ்சளாகி, பல நேரங்களில் செடியின் ஒரு பக்கம் மட்டும் வாடினால், அது பியூசேரியம் என்ற பூசணத்தால் வரும் வாடல். இதிலும் தண்டின் உட்புறம் பழுப்பாகும். ஆனால் பால்போன்ற கசிவு வராது. தண்டின் அடியில் வெள்ளைப் பூசணமும் கடுகு போன்ற உருண்டைகளும் இருந்தால், அது ஸ்கிளிரோசியம் அழுகல். வேரில் முடிச்சுகள் இருந்தால் நூற்புழுத் தாக்குதல். பாத்தி முழுவதும் ஒரே நேரத்தில் வாடினால் தண்ணீர்க் குறைவா என்று பார்க்க வேண்டும்.

உறுதியானால் செய்ய வேண்டியவை

பாக்டீரியா வாடல் கண்ட செடியை மீட்க மருந்து கிடையாது. மற்ற செடிகளைக் காப்பதே இனி வேலை. நோயுற்ற செடியை வேர்மண்ணோடு பிடுங்கிச் சாக்கில் போட்டு, வெளியே கொண்டுபோய் எரித்துவிட வேண்டும். வாய்க்காலிலோ எருக்குழியிலோ போடக் கூடாது. அந்த வரிசைத் தண்ணீர் மற்ற வரிசைகளுக்குப் பாயாமல் தடுக்க வேண்டும். சொட்டுநீர் இதற்கு ஏற்றது. நோயுள்ள பகுதியில் கடைசியாக வேலை செய்து, கத்தி, களைக்கொத்து, கால்களைக் கழுவிவிட வேண்டும்.

அடுத்த பயிர்

அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றை மீண்டும் நடக் கூடாது. நிலக்கடலையையும் இந்நோய் தாக்கும். வெளி நிலமானால் சோளம், கம்பு, மக்காச்சோளம் போன்றவற்றைச் சில ஆண்டுகள் மாற்றிப் பயிரிடலாம். குடிலில், சித்திரை, வைகாசி வெயிலில் பாத்தியை நனைத்து, ஒளி ஊடுருவும் பாலிதீன் தாளால் நான்கு முதல் ஆறு வாரம் மூடிவைத்தால் கிருமிகள் குறையும்.

மீண்டும் தக்காளிதான் நட வேண்டும் என்றால், நோயைத் தாங்கும் இரகங்களைப் பார்க்கலாம். கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சக்தி, முக்தி, பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ரக்ஷக் ஆகியவை அத்தகையவை. எனினும் கடும் வெப்பத்தில் தாங்கும் திறன் குறையக்கூடும். கத்தரி வேர்ச்செடிமேல் தக்காளியை ஒட்டுக்கட்டும் முறையைத் தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் பரிந்துரைத்துள்ளது.

சோதனையில் ஐயம் இருந்தால், வாடிய செடியை வேரோடு பாலிதீன் பையில் கட்டி, அருப்புக்கோட்டை கோவிலாங்குளம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டி ஆலோசனை பெறலாம். முதல் செடி வாடிய அன்றே சோதித்தால் பாத்தியின் மற்ற செடிகளைக் காப்பாற்ற வழி உண்டு.