வீடு தாராவியில், காகிதம் நெல்லையில்

வைகாசிக் கொடை நெருங்கினால் நாங்குநேரி, ராதாபுரம், களக்காடு பக்கத்து ஊர்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் திறக்கும். மும்பை ரயில்களில் வந்து இறங்கும் குடும்பங்களை ஊர் இன்னும் 'பம்பாய்க்காரங்க' என்றுதான் சொல்கிறது. மும்பையில் அவர்கள் மதராசிகள். மூன்று, நான்கு தலைமுறையாக இரண்டு ஊரிலும் கால் வைத்து வாழும் இவர்களில் பலர் மும்பையின் தாராவிக் குடிசைப் பகுதியில் குடியிருப்பவர்கள். அந்தத் தாராவி இப்போது இடித்துக் கட்டப்படுகிறது. யாருக்கு வீடு, யாருக்கு இல்லை என்பதைக் காகிதம் தீர்மானிக்கிறது. அந்தக் காகிதத்தில் பாதி தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. நெல்லையில் இருக்கும் உறவினர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

ஆற்றுப் பாசனத்தில் இருபோகம் விளைந்த மாவட்டம்தான் நெல்லை. ஆனால் நிலம் கோயில்களிடமும் மடங்களிடமும் பண்ணையார்களிடமும் இருந்தது. வயலில் இறங்கியவர்களுக்குக் கூலி மட்டுமே மிச்சம். ஆற்றுத் தண்ணீர் எட்டாத பனங்காட்டு ஊர்களில் அந்தக் கூலியும் இல்லை. 1876-78 பஞ்சம் தென்தமிழகத்தை உலுக்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தோல் தொழில் தெரிந்த நெல்லைத் தமிழ் முஸ்லிம்கள் தாராவியின் சதுப்பு ஓரத்தில் தோல் பதனிடத் தொடங்கினார்கள். ஆதிதிராவிடர்களும் நாடார்களும் பிறரும் பின்னாலேயே போனார்கள். தாராவியின் பிள்ளையார் கோயில் 1913ஐச் சேர்ந்தது. 1960களில் தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கிளம்பிய சிவசேனாவின் வெறுப்பையும் தாங்கி நின்றவர்கள் இவர்கள். இந்தியாவின் எந்தப் பகுதியிலும் குடியிருக்க அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு தரும் உரிமையை யாரும் அவர்களுக்குப் பிச்சையாகப் போடவில்லை.

இப்போதைய விதி இதுதான். 2022 நவம்பரில் நடந்த ஏலத்தில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய் முதலீட்டு உறுதியுடன் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தை எடுத்தது. திட்டத்துக்கான கூட்டு நிறுவனத்தில் 80 சதவீதம் அந்தக் குழுமத்துக்கு, 20 சதவீதம் மகாராஷ்டிர அரசுக்கு. வீடு வீடாகக் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதைக் காட்ட முடிந்தால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு, இலவசமாக. அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்கு 2.5 லட்சம் ரூபாய் விலையில் 300 சதுர அடி, தாராவிக்கு வெளியே. அதற்கும் பின் 2022 நவம்பர் 15 வரை வந்தவர்களுக்கும், அந்தத் தேதிக்குள் எந்த ஆண்டில் வந்திருந்தாலும் மாடிக் கோலியில் (அறையில்) இருப்பவர்களுக்கும் வெளியே வாடகை வீடு. தவணையில் சொந்தமாக்கிக்கொள்ளலாம்.

மாடியில் இருப்பவர்கள் யார்? பெரும்பாலும் கீழ்வீட்டின் இரண்டாவது மகன், கல்யாணமாகிப் பிரிந்த தம்பி, அல்லது வாடகைக்கு வந்த இன்னும் ஏழையான குடும்பம். ஒரே ஏணியில் ஏறி இறங்கும் அண்ணனுக்குத் தாராவியிலும் தம்பிக்கு ஊருக்கு வெளியிலும் வீடு என்பது நியாயமில்லை. இதை எதிர்த்துப் போராடுகிறவர்கள் பக்கம்தான் நான். ஆனால் போராட்டத்தைக் காரணமாக வைத்துக் கணக்கெடுப்பில் பேர் கொடுக்காமல் இருப்பது வேறு விஷயம். கணக்கில் ஏறாத குடும்பத்துக்காக நாளை யாரும் வாதாட முடியாது. எதிர்ப்பு மனுவும் கொடுங்கள், பேரும் கொடுங்கள்.

இனி காகிதத்துக்கு வருவோம். 1976இல் குடிசைக் கணக்கெடுப்பு நடந்தபோது கொடுத்த போட்டோ பாஸ், பழைய மின்கட்டண ரசீது, ரேஷன் கார்டு, 2000ஆம் ஆண்டு அல்லது அதற்கு முந்தைய வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கும் பக்கம் ஆகியவைதான் பெரும் சான்றுகள். இவற்றில் பல தாத்தாவின் பேரில் இருக்கும். தாத்தா வயதான பின் ஊருக்கு வந்து, நாங்குநேரியிலோ அம்பாசமுத்திரத்திலோ கண்மூடியிருப்பார். பெட்டியும் அங்கேயே தங்கிவிட்டது. அந்தப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு தாளையும் பாருங்கள். கிழிந்த ரசீதைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். பழைய வாக்காளர் பட்டியல் கையில் இல்லாவிட்டால் மும்பையில் அந்தத் தொகுதியின் வாக்காளர் பதிவு அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

தாத்தா இறந்ததற்கான சான்று வேண்டும். வீட்டிலேயே இறந்து, பதிவு செய்யாமல் விட்டுப்போன மரணங்கள் நம் ஊர்களில் ஏராளம். கவலை வேண்டாம், ஓராண்டு கடந்திருந்தாலும் தாமதப் பதிவுக்கு வழி உண்டு. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 2023இல் வந்த திருத்தப்படி கோட்டாட்சியர் நிலையில் உத்தரவு பெறலாம். அதன் பிறகு தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வாரிசுச் சான்றில் மகள்களின் பேரை விட்டுவிடுவதும், 'ஆட்சேபணை இல்லை' என்று தங்கையிடம் விவரம் சொல்லாமல் கையெழுத்து வாங்குவதும் சகஜமாகிவிட்டது. உயில் இல்லாமல் இறந்த தகப்பனின் சொந்தச் சொத்தில் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. பேரை மறைத்து வாங்கிய சான்று பின்னால் ரத்தாகும், வழக்கும் வரும். குடிசை மறுவாழ்வுத் திட்டங்களில் கிடைக்கும் வீடும் கணவன் மனைவி இருவர் பேரிலும் கூட்டாகத்தான் ஒதுக்கப்பட வேண்டும். ஒருவர் பேரில் மட்டும் தாள் வந்தால் மனைவி கேட்கலாம், கேட்க வேண்டும்.

பேர்க் குழப்பம் அடுத்த பெரிய தொல்லை. நமக்குத் தகப்பன் பேரின் முதல் எழுத்துத்தான் இனிஷியல். மகாராஷ்டிரப் படிவங்களில் பேர், தகப்பன் பேர், குடும்பப் பேர் என மூன்று கட்டம். குடும்பப் பேர் இல்லாத நம் ஆள் அந்தக் கட்டத்தில் சாதிப் பேரைப் போட்டார், அல்லது தாத்தா பேரைப் போட்டார். எழுதிய குமாஸ்தா மராத்தி உச்சரிப்பில் இன்னொரு விதமாக எழுதினார். ஆக ஊர் ரேஷன் கார்டில் ஒருவர், தாராவி மின் ரசீதில் இன்னொருவர், ஆதாரில் மூன்றாமவர். 'இவர்கள் அனைவரும் ஒருவரே' என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் போட்டு, பழைய பள்ளிச் சான்றையும் சேர்த்து வையுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் அரசிதழில் பேர் மாற்றம் வெளியிடுவது பாதுகாப்பு. தகுதிப் பட்டியலில் 'தகுதியற்றவர்' என்று வந்த பின் ஓடுவதைவிட, இதை இப்போதே முடிப்பது நல்லது.

ஊரில் குடியேறிவிட்டு, தாராவிக் கோலியை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் உண்மையை நேராகப் பார்க்க வேண்டும். குடிசைச் சட்டத்தில் உரிமை, உண்மையில் குடியிருப்பவரைச் சுற்றியே நிற்கிறது. பூட்டிய கோலிக்கும் வாடகைக் கோலிக்கும் உங்கள் பேர் தானாக வராது. 'நான் பேப்பர் பண்ணித் தர்றேன்' என்று ஒருவர் வருவார். போலி ரசீதும் பின்தேதியிட்ட ஒப்பந்தமும் இருக்கும் தகுதியையும் கெடுத்து, குற்ற வழக்கில் கொண்டு நிறுத்தும். யாருக்கும் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்காதீர்கள், அசல் தாள்களை யார் கையிலும் விடாதீர்கள். வீடு கிடைக்கும் முன்பே நோட்டரி தாளில் விற்பதும் வாங்குவதும் ஆபத்து. மறுவாழ்வு வீட்டைக் குறிப்பிட்ட காலம் விற்கச் சட்டமே தடை போடுகிறது.

இட்லி அவித்து விற்கும் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு சொல். விடியும் முன் தாராவியிலிருந்து சைக்கிளில் கிளம்பும் இட்லிதான் மும்பையின் பல தெருக்களுக்குக் காலை உணவு. வீடே தொழிற்கூடமாக இருப்பதால் கணக்கெடுப்பில் அது வெறும் குடியிருப்பு என்றே ஏறிவிடும். 2000க்கு முந்தைய கடைகளுக்கு 225 சதுர அடி இலவச இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. குமாஸ்தா லைசென்ஸ், உணவுப் பாதுகாப்புப் பதிவு, பழைய வணிக மின் இணைப்பு எது இருந்தாலும் கணக்கெடுப்பவரிடம் காட்டித் தொழிலையும் எழுதச் சொல்லுங்கள். பத்தாவது மாடியில் அதிகாலை மூன்று மணிக்கு இட்லிக் கொப்பரை ஏற்ற முடியாது.

வரைவுப் பட்டியலில் பேர் இல்லையென்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அறிவிப்பில் உள்ள கெடுவுக்குள் ஆட்சேபணை கொடுத்து, முத்திரை போட்ட நகலை வாங்கி வையுங்கள். தகுதி அதிகாரிக்கு மேல் மேல்முறையீடு உண்டு, குறைதீர்க்கும் குழு உண்டு, கடைசியில் மும்பை உயர் நீதிமன்றம் உண்டு. பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

வீட்டுக்கு வெளியேயும் இதே காகிதச் சிக்கல் தொடர்கிறது. பட்டியல் சாதியினர் என்ற தகுதி மாநிலத்தைச் சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் சொல்லி, 2018இல் ஐந்து நீதிபதிகள் அமர்வில் உறுதி செய்தது. அதனால் 1950க்குப் பின் மும்பைக்குப் போன நெல்லை ஆதிதிராவிடர் குடும்பத்துப் பிள்ளைக்கு மகாராஷ்டிர அரசின் இடஒதுக்கீடு கிடைக்காது. அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இது கொடுமைதான். ஆனால் மத்திய அரசு வேலைக்கு அவர்களின் பட்டியல் சாதித் தகுதி பொருந்தும். தகப்பனுக்குத் தமிழ்நாட்டில் கொடுத்த சாதிச் சான்றைக் காட்டி, மும்பையிலேயே பிள்ளைக்குச் சான்று பெற 1982 முதலான மத்திய அரசு அறிவுறுத்தல்கள் வழி செய்கின்றன. தகப்பனின் சான்று தொலைந்திருந்தால் ஊர் தாலுகா அலுவலகத்தில் இப்போதே தேடுங்கள். 2021இல் ஏழு பிரிவுகளுக்குத் தேவேந்திரகுல வேளாளர் என்ற பொதுப் பேர் சட்டத்தில் ஏறியது. பழைய சான்றில் வேறு பேர் இருந்தால் பதற வேண்டாம், இரண்டையும் சேர்த்துக் காட்டுங்கள்.

ரேஷன் கார்டு இரண்டு ஊரிலும் வைத்துக்கொள்வது குற்றம். தேவையும் இல்லை. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020இல் சேர்ந்தது. முன்னுரிமை கார்டும் அந்தியோதயா கார்டும் உள்ளவர்கள் மும்பையில் கைரேகை வைத்து அரிசி வாங்கலாம். முன்னுரிமையற்ற கார்டுக்கு இது பொருந்தாது. வாக்கும் அப்படியே, ஒரு தொகுதியில்தான். பொய் உறுதி கொடுத்து இரண்டு இடத்தில் பேர் சேர்த்தால் ஓராண்டு வரை சிறை. படிப்பின் நடுவில் பள்ளியை விட்டு ஊருக்கு வரும் பிள்ளைகளை, மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்று அரசுப் பள்ளியோ அரசு உதவிப் பள்ளியோ திருப்பி அனுப்பக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு.

இத்தனைக்கும் வழக்கறிஞர் துணை தேவைப்படலாம். நியூயார்க்கின் வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதியில் டொமினிகன் குடியரசிலிருந்து வந்த மக்கள் இதேபோலக் கூடி வாழ்கிறார்கள். வாடகை ஏறி அவர்கள் தெருக்களிலிருந்து வெளியேற்றம் பெருகியது. 2017இல் அந்த நகரம், வீட்டு வழக்குகளில் சிக்கும் ஏழைக் குடியிருப்பாளர்களுக்கு இலவச வழக்கறிஞர் தரும் சட்டத்தைக் கொண்டுவந்தது. நம்மிடம் 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டமே இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பே பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்கிறது அதன் 12ஆவது பிரிவு. பயன்படுத்துவோர்தான் குறைவு. திருநெல்வேலி மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, மும்பையிலும் இருக்கிறது. தரகருக்குப் பணம் எண்ணிக் கொடுக்கும் முன் 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அழைப்புக்குக் கட்டணம் இல்லை.