தேய்ந்த சில்லறை

1818 வரை சென்னை மாகாணத்தில் கணக்கு வராகன், பணம், காசு என்றுதான் நடந்தது. ஒரு வராகனுக்கு 42 பணம். ஒரு பணத்துக்கு 80 காசு. வராகனை முழுக்கச் சில்லறை மாற்றினால் 3,360 காசு கிடைக்கும். இந்தச் செம்புக் காசுகளில் ஒரு பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிலாந்தின் சோஹோ நாணயச் சாலையில் அடித்துக் கப்பலேற்றி அனுப்பியது. 1808 என்று ஆண்டு பொறித்த பத்துக் காசு, இருபது காசு நாணயங்களோடு புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், 1809 ஜனவரியில் கென்ட் கரைக்கு அப்பாலுள்ள குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில் முக்குளித்தவர்கள் அந்தக் காசுகளை ஏராளமாக வெளியே எடுத்தார்கள். சென்னைக் கடைத்தெருவைக் காணாத சென்னைக் காசு இன்று நாணயம் சேர்ப்பவர்களிடம் விலைக்குக் கிடைக்கிறது.

1835இல் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 காலணா அல்லது 12 தம்பிடி. இன்று விசித்திரமாகத் தோன்றும் இந்தப் பகுப்பு, பின்னங்களுக்கான கீழ்வாய் இலக்க வாய்பாடு படித்தவர்களுக்கு மனக்கணக்காகவே வந்தது. ரூபாயில் கால் நாலணா, அரைக்கால் இரண்டணா, வீசம் ஓரணா. பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போனால் போதும், பின்னம் மிஞ்சாது.

கணக்கு நிலைத்தது, உலோகம் நிலைக்கவில்லை. சில்லறையின் பெரும் தொல்லை எப்போதும் இதுதான்: உள்ளே இருக்கும் உலோகத்தின் விலை ஏறிவிட்டால் காசு கல்லாவுக்கு வராது, உருக்குபவரிடம் போய்விடும். முதல் உலகப் போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தபோது 1918இல் இரண்டணா, செம்பும் நிக்கலும் கலந்த சதுரக் காசாயிற்று. இரண்டாம் போரில் செம்புக்கும் அதே கதி. 1943இல் வந்த ஓட்டைக் காலணாவின் எடை பழைய காலணாவில் பாதிகூட இல்லை. நடுவில் பெரிய துளை விழுந்ததால் மன்னர் தலைக்கு இடமில்லை. கிரீடம் மட்டும் துளைக்கு மேலே ஒட்டிக்கொண்டிருந்தது. 1950இல் அந்த மன்னரும் போய், அசோகரின் சிங்கங்கள் வந்தன.

1955இல் நிறைவேறிய சட்டத் திருத்தத்தின்படி 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு நயா பைசா. பழைய காசும் புதிய காசும் சில ஆண்டுகள் சேர்ந்தே புழங்கின. குழப்பமும் சேர்ந்தே வந்தது. ஓரணாவுக்கு ஆறே கால் பைசா. கால் பைசாவுக்குக் காசு கிடையாது. ஆகவே ஓரணா 6 பைசா, இரண்டணா 12 பைசா, மூன்றணா 19 பைசா என்று சரிக்கட்டினார்கள். காலணாவுக்கு 2 பைசா. காலணாச் சாமானைத் தனித்தனியாக நான்கு தடவை வாங்கியவர் 8 பைசா கொடுத்தார். ஒரே தடவையில் வாங்கியவர் 6 பைசாவோடு முடித்துக்கொண்டார். கொஞ்சம் கொஞ்சமாக வாங்கும் ஏழைக்குத்தான் இதில் நஷ்டம். 1964 ஜூனில் 'நயா' உதிர்ந்து வெறும் பைசா மிஞ்சியது.

அதே ஆண்டு அலுமினியத்தில் அறுகோண மூன்று பைசா வந்தது. அடுத்தடுத்து ஒன்று, இரண்டு, ஐந்து பைசாக்களும் அலுமினியத்துக்கு மாறின. வெண்கலத்தில் ஒன்றரை கிராம் இருந்த ஒரு பைசா, முக்கால் கிராம் சதுரத் தகடாகிவிட்டது. ஓரம் வளைந்து நெளிந்த இரண்டு பைசாவையும் சதுரமான ஐந்து பைசாவையும் எழுத்தறியாதவர்கூடத் தடவிப் பார்த்தே பிரித்துவிடலாம். வடிவமைப்பில் இது நல்ல வேலை. 1988இல் பத்து, இருபத்தைந்து, ஐம்பது பைசாக்கள் துருப்பிடிக்காத எஃகுக்கு வந்தன. உலோகம் மலிவானாலும் விலைவாசி அதைவிட வேகமாக ஏறியது.

2011 ஜூன் 30 முதல் இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் செல்லாதவை ஆயின. எட்டணா என்று இன்னும் அழைக்கப்படும் ஐம்பது பைசா சட்டப்படி செல்லும், ஆனால் பத்து ரூபாய் வரையிலான தொகைக்கு மட்டும். பெரும்பாலான கடைக்காரர்கள் ஒற்றை எட்டணாவையே திருப்பித் தந்துவிடுகிறார்கள்.