டீசல் கார்களின் முன் கண்ணாடியில் உறைபனி நீக்கம்

டீசல் கார்களின் முன் கண்ணாடியில் உறைபனி நீக்கம் என்பது குளிர்நாடுகளில் கண்ணாடியில் படியும் பனிப்படலத்தைத் தடுக்கவும் அகற்றவும் கையாளப்படும் முறைகளைக் குறிக்கும். ஜெர்மனி, பிரித்தானியா போன்ற நாடுகளில் இது சாலைப் பாதுகாப்போடு நேரடித் தொடர்புடையது.

உறைபனி படியும் விதம்

மேகமற்ற இரவில் கண்ணாடி தன் வெப்பத்தை வானை நோக்கிக் கதிர்வீசி இழக்கிறது. இதனால் அது சுற்றியுள்ள காற்றைவிடக் கூடுதலாகக் குளிர்கிறது. காற்றின் வெப்பநிலை 0 பாகைக்குச் சற்று மேலே இருந்தாலும் கண்ணாடியின் வெப்பநிலை அதற்குக் கீழே இறங்கக்கூடும். அப்போது காற்றிலுள்ள நீராவி திரவமாகாமல் நேரடியாகப் பனிக்கட்டியாகப் படிகிறது. கூரையின் கீழ் நிறுத்திய அல்லது உறையிட்ட காரில் இந்த வெப்ப இழப்பு குறைவு.

டீசல் எந்திரத்தின் சிக்கல்

டீசல் எந்திரம் எரிபொருளின் ஆற்றலில் பெட்ரோல் எந்திரத்தைவிடக் கூடுதல் பங்கை இயக்கமாக மாற்றுகிறது. வீணாகும் வெப்பம் குறைவு. சும்மா ஓடும்போது மிகக் குறைந்த எரிபொருளையே எரிப்பதால் கூலன்ட் மெதுவாகவே சூடாகிறது. பெரும்பாலான கார்களில் கண்ணாடிக்குச் செல்லும் சூடான காற்று இந்தக் கூலன்டிலிருந்தே வெப்பம் பெறுகிறது. எனவே காரை நிறுத்திய நிலையில் எந்திரத்தை ஓடவிட்டுக் காத்திருப்பது பயன் குறைந்த முறை. ஜெர்மனியில் தேவையின்றி எந்திரத்தை ஓடவிடுவது சாலை விதிமீறலும் ஆகும்.

ஒரு சதுர மீட்டர் கண்ணாடியில் அரை மில்லிமீட்டர் பனிக்கட்டி இருந்தால் அதன் எடை ஏறத்தாழ 450 கிராம். அதை உருக்க மட்டும் சுமார் 150 கிலோஜூல் வெப்பம் தேவை. கண்ணாடியைச் சூடாக்கும் வெப்பம் இதற்கு மேற்பட்டது.

துணைக் கருவிகள்

* மின் காற்றுச் சூடேற்றி: சூடாகும்போது மின்தடை உயரும் பீங்கான் தனிமங்களால் ஆனது. அளவுக்கு மீறிச் சூடாகாது. கூலன்ட் சூடாகும் முன்பே காற்றைச் சூடாக்கும்.
* எரிபொருள் சூடேற்றி: தொட்டியிலுள்ள டீசலைத் தனியே எரித்துக் கூலன்டைச் சூடாக்குகிறது. எந்திரத்தை இயக்காமலேயே, குறித்த நேரத்தில் தொடங்கும்படி அமைக்கலாம்.
* மின்சூட்டுக் கண்ணாடி: இரு கண்ணாடி அடுக்குகளுக்கிடையே நுண்கம்பிகள் கொண்டது. ஃபோர்டு நிறுவனம் 1980களில் ஐரோப்பியக் கார்களில் இதை அறிமுகப்படுத்தியது.

கையால் அகற்றுதல்

பிளாஸ்டிக் சுரண்டியும் ஆல்ககால் கலந்த தெளிப்பானும் பரவலாகப் பயன்படுகின்றன. ஆல்ககால் நீரின் உறைநிலையைத் தாழ்த்துவதால் படலம் இளகுகிறது. கண் பார்வையைப் பறிக்கவல்ல நச்சான மெத்தனால், பொதுமக்களுக்கு விற்கப்படும் இத்தகைய திரவங்களில் 0.6 விழுக்காட்டை எட்டக்கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றிய விதி.

கொதிநீர் ஊற்றுவது தவறு. திடீர் வெப்ப வேறுபாட்டால் கண்ணாடி விரிசல் விடலாம். வழிந்த நீர் மீண்டும் உறையும். ஒட்டியுறைந்த வைப்பரை இயக்கினால் அதன் ரப்பர் கிழியும், மோட்டாரும் பழுதாகலாம்.

உட்புற மங்கல்

கண்ணாடியின் உட்புறத்தில் படிவது பெரும்பாலும் மூச்சிலும் ஈரத் தரைவிரிப்பிலும் இருந்து வரும் ஈரம். உள்காற்றுச் சுழற்சியை நிறுத்தி வெளிக்காற்றை எடுக்க வேண்டும். குளிர்சாதனத்தை இயக்கினால் காற்று உலர்கிறது. ஆனால் உறைநிலையை நெருங்கிய குளிரில் பல கார்களில் அது இயங்காது.

சட்டமும் பாதுகாப்பும்

ஓட்டுநர் முன் சிறு துளை அளவு மட்டும் சுரண்டிவிட்டுப் புறப்படுவது ஆபத்தானது. பக்கவாட்டில் வரும் பாதசாரியும் மிதிவண்டியும் தெரியாமல் போகும். தாழ்ந்த காலைச் சூரியன் எஞ்சிய படலத்தில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்யும். பிரித்தானிய நெடுஞ்சாலை விதித்தொகுப்பின் 229ஆம் விதி, புறப்படும் முன் எல்லாச் சன்னல்களிலிருந்தும் பனியை முழுமையாக அகற்ற வேண்டும் என்கிறது.